7000 ஆர்பிஎம்முக்கு மேல இழுவையே இல்லை, போர் கிட் (சிலிண்டர், பிஸ்டன் செட்) மாத்தணுமா?

ரெட்லைன்_38 (கேள்வி)

வண்டி: 200 சிசி, ஒற்றை சிலிண்டர், லிக்விட் கூல்டு, எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்), 25 குதிரைத்திறன், முழு ஃபேரிங். 2018 பிஎஸ்4 மாடல். ஓடினது 38,000 கி.மீ.

நேர் ரோட்டில் 130 தொட்ட வண்டி இப்போ 95-ஐத் தாண்ட மாட்டேங்குது. 6000 வரை வித்தியாசமே தெரியலை. 7000 வந்ததும் யாரோ பின்னாடியிருந்து பிடிச்சு இழுக்கிற மாதிரி ஆயிடுது. ஆனா நியூட்ரல்ல முறுக்கினா 10,000 வரை சுத்தமா ஏறுது. இன்னொண்ணு: ஆக்ஸிலேட்டரை முழுசா திருகினா திணறுது, கால்வாசி திருப்பி விட்டா கொஞ்சம் நல்லா இழுக்குது. இன்ஜின் லைட் எரியலை, புகை இல்லை, ஆயில் குறையலை.

பிளக், ஏர் ஃபில்டர், ஆயில் மாத்தியாச்சு. அடுத்து போர், பிஸ்டன் கிட் மாத்தச் சொல்றாங்க. சரியா? இல்லை, இப்போ வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணமா?

கிளட்ச்பிளேட்

தம்பி, போர் கிட்டுக்குக் காசு கொடுக்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. பவர் இன்ஜின்ல குறையுதா, வழியில தொலையுதான்னு முதல்ல பிரிக்கணும்.

அஞ்சாவது கியர்ல 60-ல போய் முழுசா முறுக்குங்க. ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி வேகம் பின்தங்கினா கிளட்ச் வழுக்குது. லிவர் நுனியில கொஞ்சம் ஃப்ரீ பிளே (தளர்வு) இருக்கணும். அது இல்லாம கேபிள் இறுக்கமா இருந்தாலே வழுக்கும். ஊத்தின ஆயில் டப்பால ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (பைக் கிளட்ச்சுக்கு ஏத்த ஆயில்னு சொல்ற முத்திரை) இருக்கான்னு பாருங்க. பல கார் ஆயில்கள்ல உராய்வைக் குறைக்கிற மருந்து இருக்கும், அது ஆயில்ல முங்கி ஓடுற ஈரக் கிளட்ச்சுக்கு ஆகாது.

அடுத்து பேடாக் ஸ்டாண்ட்ல ஏத்தி, நியூட்ரல்ல பின் சக்கரத்தைக் கையால சுத்துங்க. ஒரு சுற்றுகூட போகாம நின்னா பிரேக்கோட காலிப்பர் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகி, பேடை விடாம பிடிச்சிருக்கு. பிரேக் தொடாம அஞ்சு கி.மீ. ஓட்டிட்டு டிஸ்க் பக்கத்துல கையைக் கொண்டுபோனாலே அனல் அடிக்கும் (தொட்டுடாதீங்க). முன் சக்கரமும் இதே மாதிரி.

இன்ஜினை நிறுத்திட்டு ஆக்ஸிலேட்டரை முழுசா திருகி, த்ராட்டில் பாடிக்குள்ள (இன்ஜினுக்குக் காத்து போற வாய்) தட்டு படுக்கையா வருதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. கேபிள் தளர்ந்து முக்கால்வாசிதான் திறக்கிற வண்டிகள் நிறைய. ஏர் பாக்ஸ் வாயையும் பாருங்க, மழைக்காலத்துல எலி துணியும் பஞ்சும் கொண்டுவந்து அடைச்சிடும். சைலன்சர்ல குளவிக் கூடும் சகஜம்தான்.

டார்க்ரெஞ்ச்

மேல சொன்னதெல்லாம் பத்து நிமிஷ வேலை, முடிச்சிடுங்க. ஆனா விடை உங்க கேள்விக்குள்ளயே இருக்கு ப்ரோ. முழு த்ராட்டிலை விட முக்கால் த்ராட்டில்ல நல்லா இழுக்குதுன்னா இன்ஜினுக்குக் காத்து கிடைக்குது, பெட்ரோல் பத்தலை. ஏர் ஃபில்டர் அடைப்போ கம்ப்ரஷன் குறைவோ இருந்தா, த்ராட்டிலை விட்டுக்கொடுத்தா இழுவை கூடாது.

நியூட்ரல்ல 10,000 போறதை நம்பாதீங்க. லோடு இல்லாதப்போ இன்ஜின் குடிக்கிறது சொற்பம். 25 குதிரைத்திறன் முழுசா எடுக்கும்போது நிமிஷத்துக்கு ஏறத்தாழ 120 மில்லி வேணும்; ஐடிலுக்கு 5 மில்லி போதும். பாதி அடைச்ச பம்ப் ஐடில்ல யாருக்கும் காட்டிக்கொடுக்காது.

வேகக் கணக்கும் அதையேதான் சொல்லுது. காத்தைக் கிழிக்கத் தேவையான பவர் வேகத்தோட கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏத்த மாதிரி ஏறும். 130-ல இருந்து 95-க்கு இறங்கினா பாதிக்கு மேல பவர் போச்சுன்னு அர்த்தம். போர் தேய்ஞ்சு அவ்வளவு போகணும்னா நீலப் புகை வந்து, ஆயில் குறைஞ்சு, ஸ்டார்ட் ஆகவே அடம் பிடிச்சிருக்கும்.

ஃப்ளோ டெஸ்ட் (பம்ப் எவ்வளவு பெட்ரோல் தள்ளுதுன்னு பார்க்க): பம்ப் கனெக்டரைக் கழற்றிட்டு, இன்ஜின் தானா அணையிற வரை ஓட விட்டா லைன்ல பிரஷர் இறங்கிடும். அப்புறம் ஹோஸை எடுத்து அளவு ஜாடியில விடுங்க. சாவி போட்டா பம்ப் ரெண்டு மூணு விநாடிதான் ஓடும், அதனால பம்புக்கு நேரடியா 12 வோல்ட் கொடுத்து 10 விநாடி பிடிங்க. திறந்த வெளியில, பேட்டரி இணைப்பு ஜாடியிலிருந்து தள்ளி. பிரஷர் கேஜ் கிடைச்சா டீ ஜாயின்ட்ல போட்டு ஐடில்லயும் பாருங்க. இந்த வகை வண்டிகள்ல பெரும்பாலும் 3 பார் சுத்தி இருக்கும். கேஜோட ரோட்டுல ஓட்டிடாதீங்க, ஒரு கசிவு சூடான பைப் மேல விழுந்தா முடிஞ்சது.

டேங்க் மூடியையும் சந்தேகப்படுங்க. 20 நிமிஷம் ஓடினப்புறம் மூடியைத் திறந்தா ‘புஸ்’ஸுன்னு காத்து உள்ள போய், அதுக்கப்புறம் வண்டி தேறினா வென்ட் ஓட்டை அடைச்சிருக்கு.

எத்தனால் பத்தி: அதுல பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு ஆற்றல் குறைவு, அதனால 20 சதவீதக் கலப்புல மைலேஜ் கொஞ்சம் இறங்கும். 35 கி.மீ. வேகம் அதால போகாது. ஆனா பழைய டேங்க்ல படிஞ்ச அழுக்கை அது கரைச்சு பம்ப் வாய்க்குக் கொண்டுவரும். தண்ணி சேர்ந்தா எத்தனாலும் தண்ணியும் ஒண்ணா பெட்ரோல்ல இருந்து பிரிஞ்சு அடியில தங்கிடும், பம்ப் உறிஞ்சுறதும் அங்கிருந்துதான். கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் பிடிச்சு அரைமணி நேரம் வைங்க, அப்படிப் பிரிஞ்சிருந்தா அடியில தனி அடுக்கு தெரியும்.

அதுவரை முழு த்ராட்டில் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் பத்தாம லோடுல ஓடினா நாக்கிங் (பெட்ரோல் கலவை தாறுமாறா வெடிக்கிறது) வந்து பிஸ்டன் தலை உருகவும் செய்யலாம். அப்புறம் நிஜமாவே போர் கிட் வாங்கணும்.

ஷிம்பெட்டி

ஃப்ளோ சரியா வந்தா அடுத்தது வால்வ் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதைத் தள்ளுற பாகத்துக்கும் நடுவுல உள்ள இடைவெளி). 38,000-ல ஒருதடவைகூட பார்க்கலைன்னா எப்படியும் பார்த்துடுங்க. "டாப்பெட் சத்தமே இல்லை, நல்லா இருக்கு"ன்னு சொல்றது ஷிம் (இந்த இடைவெளியைச் சரிசெய்யிற சின்ன வில்லை) வெச்ச இன்ஜின்ல ஆபத்தான பேச்சு. வால்வ் சீட்டுக்குள்ள இறங்க இறங்க இடைவெளி சுருங்கும், சத்தம் குறையும். எக்ஸாஸ்ட் வால்வ்ல இருக்கவேண்டிய இடைவெளி கிட்டத்தட்ட இல்லாமலே போனா, சூட்டுல வால்வ் முழுசா மூடாம விளிம்பு கருகும். சூடா இருக்கும்போது ஸ்டார்ட் ஆகத் தகராறு, ஐடில் இறக்கம், இதெல்லாம் முன்னறிகுறி. ராத்திரி முழுக்க ஆறின இன்ஜின்ல ஃபீலர் கேஜ் விட்டு அளக்கணும்.

போர் தேய்மானம்னு சொல்றவங்ககிட்ட லீக்டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள்ள காத்தை அடைச்சு எங்க கசியுதுன்னு பார்க்கிறது) கேளுங்க. ஸ்டார்ட்டிங்குக்காக கேம்ல டீகம்ப்ரஷன் (ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்சம் அழுத்தத்தை வெளிய விடுற அமைப்பு) வெச்ச வண்டியில சாதாரண கம்ப்ரஷன் கேஜ் குறைச்சுக் காட்டும், அதை நம்பி இன்ஜினைப் பிரிச்சுடுவாங்க. கம்ப்ரஷன் டிடிசில (வால்வ் எல்லாம் மூடி, பிஸ்டன் உச்சியில நிக்கிற நிலை) நிறுத்தி காத்தைக் கொடுத்தா, சைலன்சர்ல சீறினா எக்ஸாஸ்ட் வால்வ், த்ராட்டில் பாடில சீறினா இன்டேக், ஆயில் மூடி வழியா வந்தா ரிங், ரேடியேட்டர்ல குமிழ் வந்தா ஹெட் கேஸ்கட்.

ரெட்லைன்_38

கிளட்ச், பிரேக், த்ராட்டில் தட்டு, டேங்க் மூடி எல்லாம் சரி. பாட்டில்ல தனி அடுக்கு இல்லை. ஐடில்ல பிரஷர் 3.0 பார். ஃப்ளோ மட்டும் 10 விநாடிக்கு 10 மில்லிதான். பம்ப் யூனிட்டைக் கழற்றினா ஸ்ட்ரெய்னர் வலை காப்பி டிகாஷன் வடிகட்டி மாதிரி கருப்பா அப்பியிருக்கு. புது பம்ப் செட் வாங்கிடவா?

டார்க்ரெஞ்ச்

நிமிஷத்துக்கு 60 மில்லி, தேவையில பாதி. கணக்கு அப்படியே பொருந்துது.

உடனே பம்ப் வாங்காதீங்க. அந்த வலையைக் கழுவிப் போடாதீங்க, இழைக்குள்ள போன மண் வராது, புதுசு போடுங்க. உள்ளே தனி ஃபைன் ஃபில்டர் இருந்தா அதையும் மாத்துங்க. டேங்க்கைக் காலி பண்ணி, கொஞ்சம் பெட்ரோல் விட்டுக் குலுக்கி, சுத்தமா வர்ற வரை வடிங்க. இல்லைன்னா புது வலையும் சீக்கிரமே இதே கதி. பம்ப் தட்டோட கேஸ்கட், ஓ-ரிங் புதுசா இருக்கட்டும். சிலிக்கான் பேஸ்ட் தடவ விடாதீங்க, பெட்ரோல்ல ஊறிப் பிய்ஞ்சு இன்ஜெக்டர் வரைக்கும் போகும்.

மறுபடி ஃப்ளோ அளங்க. அப்பவும் குறைவா இருந்தா பம்ப் மோட்டார் தளர்ந்திருக்கு, அப்போ வாங்குங்க. ஃப்ளோ சரியாகியும் ரோட்டுல திணறினா, இன்ஜின் ஓடும்போது பம்ப் கனெக்டர்ல வோல்ட் பாருங்க; பேட்டரியை விட அரை வோல்ட்டுக்கு மேல குறைஞ்சா ரிலே முனையோ எர்த்தோ துரு. நேரடி 12 வோல்ட் டெஸ்ட்ல அந்தக் குறை தெரியாது. கடைசியா பிளக்கைக் கழற்றிப் பாருங்க, பீங்கான் வெள்ளையா வெளுத்து பொடிப்பொடியா அலுமினியப் புள்ளி ஒட்டியிருந்தா, முழு த்ராட்டில் கொடுக்கும் முன்னாடி ஷிம்பெட்டி சொன்ன லீக்டவுன் கட்டாயம் பண்ணிடுங்க.