பென்சிலைப் பிடித்தாலே படபடப்பு: உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உண்டா?

நடைவண்டி:

எங்கள் பையனுக்கு எட்டு வயது. ஷூ லேஸ் கட்ட வராது. சட்டைப் பட்டன் போட்டால் ஒரு ஓட்டை தள்ளித்தான் போகும். பந்து முகத்தில் பட்ட பிறகுதான் கை மேலே வரும். போன வருடம் டிசிடி, அதாவது வளர்ச்சிசார் இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு என்று உறுதி செய்தார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இது இருக்கிறது என்பதெல்லாம் இதற்குள் தெரிந்துகொண்டேன். நான் கேட்க வந்தது வேறு.

எழுத உட்கார்ந்தால் இவனுக்கு உள்ளங்கை நனைந்துவிடுகிறது. நோட்டின் வலது ஓரம் முழுக்க ஈரம் பட்டுக் காய்ந்து அலை அலையாக இருக்கும். பென்சில் வழுக்குகிறது என்று இறுக்கிப் பிடிப்பான், நுனி உடையும், சீவிக்கொண்டு வந்து மறுபடி இறுக்குவான். ஒரு வரி முடிந்ததும் 'ஹா' என்று பெரிதாக மூச்சு விடுவான். இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்த பிறகுதான் புரிந்தது, அந்த வரி முடியும்வரை பிள்ளை மூச்சே விடவில்லை.

இதயத் துடிப்பு காட்டுகிற என் வாட்சை அவன் கையில் கட்டிப் பார்த்தேன். டிவி பார்க்கும்போது 88. சொல்வதை எழுதச் சொன்னபோது 124. ஓடவில்லை, ஆடவில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்! பயந்துபோய்க் கூட்டிக்கொண்டு ஓடினோம். ஈசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். "பயந்த சுபாவம், சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் இவன் பயந்தவன் இல்லை. இருட்டில் தனியாகப் போவான். என்னடா பண்ணுகிறது என்று கேட்டால், "உள்ள யாரோ ஓடுறாங்கம்மா" என்கிறான்.

வேறு யார் வீட்டிலாவது இப்படி உண்டா?

ஊஞ்சல்:

உண்டு, நிறைய. நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர். உங்கள் பையனைப் பார்க்காமல் அவனைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்களிடம் வந்த ஒரு ஆறு வயதுச் சிறுமி. நாங்கள் செய்யும் சோதனையில் கைவேலை, பந்தைக் குறிபார்த்து எறிந்து பிடிப்பது, சமநிலை என்று மூன்று பகுதி. ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். "ரெடியா?" என்று கேட்டேன். கால் இன்னும் தரையில்தான் இருக்கிறது. அதற்குள் காது மடல் சிவந்துவிட்டது, தோள் இரண்டும் காதை நோக்கி ஏறிவிட்டன, விரல்கள் பாவாடை ஓரத்தைப் பிடித்துவிட்டன. மூச்சு நின்றுவிட்டது. அப்புறம் காலைத் தூக்கினாள், இரண்டு விநாடியில் விழுந்தாள். நான் தாளில் குறித்தது அந்த இரண்டு விநாடியை மட்டும். அதற்கு முன்னால் நடந்ததை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. அன்றிலிருந்து ஓரத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறேன்.

உடம்பில் நாம் சொல்லாமலே வேலை பார்க்கிற தானியங்கு நரம்பு மண்டலத்தில் இரண்டு கிளை உண்டு என்று பள்ளியில் படித்திருப்போம். பரிவு நரம்புகள் உடம்பை முடுக்கிவிடும், எதிர்ப்பரிவு நரம்புகள் அடக்கும். அடக்குவதில் பெரிய பங்கு மூளையிலிருந்து இதயத்துக்கு வருகிற வேகஸ் நரம்புக்கு. இதயத்திலேயே இருந்து துடிப்பைக் கிளப்புகிற பேஸ்மேக்கர் முடிச்சை அதன் போக்கில் விட்டால் பெரியவர்களுக்கே நிமிடத்துக்கு 100 வாக்கில் துடிக்கும். சும்மா இருக்கும்போது 70, 75 என்று இருப்பது வேகஸ் கயிற்றை இழுத்துப் பிடித்திருப்பதால்தான். பிடி கொஞ்சம் தளர்ந்தாலே துடிப்பு ஏறிவிடும், அட்ரினலின் சுரக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பையனுக்கு உள்ளே யாரோ ஓடுவது அநேகமாக இப்படித்தான் ஆரம்பிக்கும்.

உள்ளங்கை வியர்வை பரிவு நரம்பின் வேலை. அட்ரினலின் வந்தால் விரல் நடுக்கமும் கூடும், இது எல்லோருக்கும் உள்ளது. மேடையில் பேசும்போது கையிலுள்ள காகிதம் ஆடுகிறதே, அதே நடுக்கம். நமக்குக் காகிதம் ஆடினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஏற்கெனவே விரலை ஆளத் திணறும் பிள்ளைக்கு அந்தக் கூடுதல் ஆட்டம் ஒரு எழுத்தையே கெடுத்துவிடும். எழுத்து கெட்டால் இன்னும் இறுக்கம், இறுகினால் இன்னும் வியர்வை.

மூச்சை நீங்கள் கவனித்தது நல்ல விஷயம். மூச்சை இழுக்கும்போது துடிப்பு லேசாக ஏறும், விடும்போது இறங்கும். விடாமல் பிடித்து வைத்தால் அந்த இறக்கம் கிடைக்காமல் போய்விடுகிறது. "ஆழமாக மூச்சு விடு" என்று சொல்லாதீர்கள், அது இன்னொரு வேலையாகிவிடும். ஒரு சொல் எழுதி முடித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அடுத்த சொல் என்று பழக்குங்கள், மூச்சு தானாக வெளியே வரும்.

வாட்ச் கணக்கை ரொம்ப நம்பவும் வேண்டாம். சின்ன மணிக்கட்டில் பெரிய வாட்ச் தளர்ந்து நிற்கும், எழுதும்போது கை அசைவையும் துடிப்பென்று எண்ணும். எழுதாத கையில் கட்டிப் பாருங்கள்.

நான்காம் கியர்:

வாட்ச் பற்றி நான் சொல்லியாக வேண்டும். என் மகளுக்கு ஒன்பது வயது, இதே டிசிடி. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் ஹெச்ஆர்வி கணக்கை எங்கோ படித்தேன். அது கூடுதலாக இருந்தால் வேகஸ் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தமாம். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். காலையில் ஒரு முறை, வீட்டுப்பாடத்துக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை. எக்செல்லில் போட்டு, கோடு வரைந்து, மனைவியிடம் காட்டி, அவள் முறைத்து... நாலு மாதம் ஓடியது.

ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே மகள் கேட்டாள்: "அப்பா, இன்னிக்கு நான் எவ்வளவு?"

அன்று கழற்றியதுதான். தூக்கம் குறைந்தால் அந்த எண் மாறும், படுத்திருந்தால் ஒன்று, உட்கார்ந்தால் ஒன்று, மூச்சை மெதுவாக விட்டால் இன்னொன்று, வயது ஏற ஏற வேறு. இந்த எண்ணுக்குக் கீழே போனால் டிசிடி என்று சொல்ல ஒரு கோடு கிடையாது. ஆய்வுகளும் பெரும்பாலும் சின்னச் சின்னக் குழுக்களில் நடந்தவை, ஒன்று சொல்வதை இன்னொன்று அப்படியே சொல்வதில்லை. நடைவண்டி அம்மா, உங்கள் 124 முக்கியமில்லை என்று சொல்லவில்லை. அதை ஒரு தடவை பார்த்துவிட்டீர்கள், போதும்.

ஊஞ்சல்:

ஒத்துக்கொள்கிறேன் சார். ஆனால் சில வீடுகளில் அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் தாத்தாவும் பாட்டியும் "அடம் பிடிக்கிறான்" என்பதை நிறுத்தியிருக்கிறார்கள். அதற்காக ஒரு தடவை பார்க்கலாம்.

இடதுகால்:

எனக்கு 31 வயது. சின்ன வயதில் என் தடுமாற்றத்துக்கு ஒரு பெயர் சொல்ல யாருமில்லை, அதனால் ஊரே எனக்குப் பெயர் வைத்தது. 27-ல் தான் டிசிடி என்று தெரிந்தது.

உங்கள் பிள்ளைகள் சொல்லத் தெரியாமல் இருப்பதை நான் சொல்லிப் பார்க்கிறேன். பந்தைத் தவறவிடுவது அவ்வளவு பெரிய வேதனை இல்லை, ஒரு நொடியில் முடிந்துவிடும். வரிசையில் நிற்பதுதான். முன்னால் ஏழு பேர், ஆறு பேர், ஐந்து பேர். வாய் வறண்டுவிடும். வயிறு கலக்கும், பாத்ரூம் போக வேண்டும் போலிருக்கும். கேட்டால் "உன் முறை வரும்போதுதான் உனக்கு வருமா?" என்பார்கள். உண்மையாகவே அப்போதுதான் வரும்! மூன்று பேர் இருக்கும்போது காதுக்குள் துடிப்பு கேட்கும். என் முறை வரும்போது கை குளிர்ந்து விறைத்திருக்கும். அந்தக் கையை வைத்துக்கொண்டு யாரால் பந்து பிடிக்க முடியும்?

ஜான் கெய்ர்னி என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் இதை ஒரு கருதுகோளாகவே வைத்திருக்கிறார்கள், சுற்றுச்சூழல் அழுத்தக் கருதுகோள் என்று பெயர். அசைவில் தடுமாற்றம் இருக்கிற பிள்ளைக்குக் கேலி, ஒதுக்கல், தோல்வி என்று வெளியிலிருந்து வருகிற அழுத்தம்தான் பிற்காலத்துப் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் வழி என்பது சுருக்கம். படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க வேலை ஓடவில்லை எனக்கு. பயந்தாங்கொள்ளி என்று என்னை நானே நினைத்து வைத்திருந்த கணக்கை மறுபடி போட வேண்டியிருந்தது.

இப்போதும் கார் ரிவர்ஸ் எடுக்கும்போது யாராவது வெளியே நின்று கை காட்டினால் முதுகு நனையும். யாருமில்லை என்றால் ஒரே தடவையில் எடுத்துவிடுவேன்.

விசில்:

நான் விளையாட்டு ஆசிரியர், பணியிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. இடதுகால் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அந்த வரிசையை நிற்க வைத்த ஆள் நான்தான். உங்களையில்லை, உங்களைப் போன்ற எத்தனையோ பேரை.

ஒரு பையன். இரண்டு சுற்று ஓடுவான், மூன்றாவதில் உட்கார்ந்துவிடுவான். முகம் செக்கச் செவேலென்று இருக்கும். சோம்பேறி என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் எல்லாருக்கும் நாடி பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன், ஓடி முடித்ததும் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டும். கூட ஓடிய பையனுக்கு 38, அதாவது 152. இவன் 46 என்றான். பொய் சொல்கிறான் என்று நானே பிடித்து எண்ணினேன். 46 தான். 184. இரண்டு பேரும் ஒரே வேகத்தில்தான் ஓடினார்கள், இவன்தான் பின்னால் வந்தான் என்றுகூடச் சொல்லலாம்.

அவன் ஓட்டத்தை அதற்குப் பிறகுதான் சரியாகப் பார்த்தேன். கை பக்கவாட்டில் வீசுகிறது, குதிகால் தொம் தொம்மென்று விழுகிறது, தலை ஆடுகிறது. மற்றவன் முன்னால் போவதற்குச் செலவழிக்கிற சக்தியில் பாதியை இவன் விழாமல் இருப்பதற்கே செலவழிக்கிறான். களைப்பதால் ஆட்டத்துக்கு வருவதில்லை, வராததால் உடல்தகுதி குறைகிறது. உடல்தகுதி குறைந்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு கூடுதலாக இருக்கும். அதனால் ஊஞ்சல் மேடம், நரம்பு மண்டலம் முதலிலேயே வேறு மாதிரி இருக்கிறதா, இல்லை நாங்கள் ஓரத்தில் உட்கார வைத்து உட்கார வைத்து அப்படி ஆகிவிட்டதா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

பிறகு அவனைக் காலையில் மைதானத்தில் யாரும் வருமுன் வரச்சொல்லி, ஓட்டமும் நடையுமாக விட்டேன். நாலைந்து மாதத்தில் ஐந்து சுற்று போனான். பந்து கடைசிவரை பிடிக்கவில்லை, அது வேறு.

ஊஞ்சல்:

சார், உங்கள் சந்தேகம் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் உண்டு. அசைவை ஒழுங்குபடுத்துகிற சிறுமூளைக்குத் தானியங்கு நரம்புகளோடும் தொடர்பு இருக்கிறது, அதனால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிளம்பலாம். நீங்கள் சொன்ன வழியிலும் வரலாம். எடை கூடுவதும் நடுவில் சேர்ந்துகொள்கிறது. ஒரே பிள்ளையிடம் மூன்றும் கலந்திருந்தால் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

சிகிச்சையில் நாங்கள் துடிப்பைக் குறிவைப்பதில்லை. 2019-ல் வந்த சர்வதேசப் பரிந்துரைகளும் பிள்ளைக்குத் தேவையான செயலையே நேரடியாகப் பழக்கச் சொல்கின்றன. லேஸ் கட்ட வேண்டுமா, லேஸையே எடுத்துக்கொள்வோம். என்ன செய்யப் போகிறோம், எப்படிச் செய்யலாம், செய்து பார், சரியாக வந்ததா என்று பிள்ளையையே பேச வைத்து. முடிச்சு கைக்குப் பழகப் பழகக் காது சிவப்பது குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

மொட்டைமாடி:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எல்லாவற்றையும் டிசிடி தலையில் போட்டுவிடாதீர்கள். என் மகளுக்கு 14 வயது, சின்ன வயதிலிருந்தே தடுமாற்றம். எழுந்து நின்றால் படபடப்பு, கண் இருட்டுகிறது என்று சொன்னபோது "அவளுக்கு எப்பவும் அப்படித்தான்" என்று நானே ஏழெட்டு மாதம் விட்டுவிட்டேன். கடைசியில் ஒரு டாக்டர் படுக்க வைத்து நாடியை எண்ணினார், 74. பிறகு பத்து நிமிடம் சுவரில் சாயாமல் நிற்க வைத்து எண்ணினார். எட்டாவது நிமிடத்தில் 121. ரத்த அழுத்தம் இறங்கவில்லை. வளரிளம் பருவத்தில் படுத்திருந்ததைவிட 40 துடிப்புக்கு மேல் ஏறி, அதோடு இந்தத் தொந்தரவுகளும் மாதக்கணக்கில் இருந்தால் அது பாட்ஸ் என்ற தனிப் பிரச்சினையாம். இவளுக்கு மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும், அதுவும் கூடவே வருவதுண்டாம். இப்போது தண்ணீர், உப்பு, படுத்தபடி செய்கிற உடற்பயிற்சி எல்லாம் டாக்டர் சொன்ன அளவில் போகிறது.

எழுதும்போது மட்டும் ஏறுவது வேறு, நின்றாலே ஏறுவது வேறு. ஓடும்போது மயங்கி விழுந்தால் இங்கே வந்து கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே காட்டுங்கள்.

நடைவண்டி:

எல்லோருக்கும் நன்றி. நின்றால் ஏறுகிறதா என்று டாக்டரிடம் பார்த்தோம், இல்லை. வாட்சைப் பெட்டியில் வைத்துவிட்டேன். (ஒரே ஒரு தடவை எழுதாத கையில் கட்டிப் பார்த்தேன். 112. இனி இல்லை.)

மூன்று வாரமாக ஒரு சொல், பென்சில் கீழே, அடுத்த சொல். நோட்டின் மேல் கைக்கடியில் ஒரு கைக்குட்டை. முதல் வாரம் எரிச்சலில் பென்சிலைத் தூக்கி எறிந்தான். இரண்டாவது வாரம் அவனாகவே ஒன்று கண்டுபிடித்தான், எழுதும்போது 'ம்ம்ம்' என்று இழுத்துக்கொண்டே எழுதுகிறான். ஒரு சொல்லுக்கு ஒரு ம்ம்ம். முனகினால் மூச்சு வெளியே போய்த்தானே ஆக வேண்டும்! வீட்டில் நுனி உடைவது குறைந்துவிட்டது. எழுத்து அப்படியேதான் இருக்கிறது, கோட்டுக்கு மேலே ஒன்று கீழே ஒன்று.

நேற்று டைரியில் வகுப்பு ஆசிரியை எழுதி அனுப்பியிருக்கிறார்: 'எழுதும்போது ஓயாமல் சத்தம் போடுகிறான், மற்ற பிள்ளைகளுக்கு இடைஞ்சலாக இருக்கிறது, கண்டிக்கவும்.'

விசில் சார், நீங்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர். எப்படி எழுதினால் படிப்பார்கள்? நாலு வரிக்குள் இருக்க வேண்டும், டைரியில் இடம் அவ்வளவுதான்.