வெளியான படத்தை வெட்டுவது முறையா? முதல் நாள் பார்வையாளருக்கு என்ன நியாயம்?

மந்தைவெளி வாசகி:

தமிழ்ப் பெரும்படங்களில் ஒரு வழக்கம் வேரூன்றி வருகிறது. படம் வெளியாகிறது. இரண்டு நாளுக்குள் ‘நீளம் அதிகம்’ என்ற பேச்சு எழுகிறது. அடுத்த சில நாட்களுக்குள், ரசிகர்களின் கருத்தை மதித்து நீளத்தைக் குறைத்திருப்பதாகத் தயாரிப்பாளர் தரப்பிலிருந்து அறிவிப்பு வந்துவிடுகிறது. 2022இல் வெளியான ‘கோப்ரா’வில் மறுநாளே 20 நிமிடங்கள் குறைக்கப்பட்டன. 2024 ஜூலையில் ‘இந்தியன் 2’ படத்தில் 12 நிமிடங்களும், செப்டம்பர் இறுதியில் ‘மெய்யழகன்’ படத்தில் ஏறத்தாழ 18 நிமிடங்களும், நவம்பரில் ‘கங்குவா’வில் 12 நிமிடங்களும் போயின.

இவற்றுள் மற்ற மூன்று படங்களைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ‘மெய்யழகன்’ வெட்டப்பட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குக் குடிபெயர்ந்த ஒருவர், இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு திருமணத்திற்காக ஊர்ப்பக்கம் போகிறார். அங்கே தம்மை ‘அத்தான், அத்தான்’ என்று சுற்றிச் சுற்றி வரும் ஒருவனின் பெயர்கூட அவருக்கு நினைவில்லை. கதை இவ்வளவுதான். மற்றதெல்லாம் பேச்சு. விட்டுப்போன ஒரு பழைய மிதிவண்டி இன்னொரு குடும்பத்தின் பிழைப்பையே மாற்றியது என்பதைக்கூட அந்தப் படம் பேசித்தான் சொல்கிறது. பேச்சையே உயிராகக் கொண்ட படத்தில் பேச்சைக் குறைத்தால், எதைக் காப்பாற்றுவதற்காகக் குறைத்தோம் என்ற கேள்வி எழாதா?

முதல் நாள் பார்த்தவரும் ஐந்தாம் நாள் பார்த்தவரும் ஒரே கட்டணம் செலுத்துகிறார்கள். ஆனால் பார்த்ததோ இரு வேறு படங்கள். வெளியீட்டிற்குப் பிறகு வெட்டும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கோடம்பாக்கத்தான்:

அம்மா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் உங்கள் முடிவை நான் முழுமையாக மறுக்கிறேன். நம் ஊரில் படம் முடிந்த பிறகு வெளியீட்டுத் தேதி குறிக்கப்படுவதில்லை. பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆயுத பூஜை, தீபாவளி என்று தேதியை முதலில் குறித்துவிட்டு, அதை நோக்கி வேலையை ஓட்டுகிறார்கள். ஒலிக்கலவையும் வரைகலையும் கடைசி வாரம்வரை நடக்கும். பொதுமக்களை உட்காரவைத்து முன்கூட்டியே படத்தைப் போட்டுக்காட்டி, அவர்கள் எங்கே நெளிகிறார்கள் என்று பார்த்துத் திருத்துவதற்கு அவகாசமே இருப்பதில்லை. நிறைந்த அரங்கில் தன் படத்தை இயக்குநர் முதன்முதலாகப் பார்ப்பதே வெளியீட்டு நாளில்தான். அங்கே ஒரு குறை தெரிந்த பிறகும் திருத்தக்கூடாது என்றால், அதற்கடுத்து வரும் லட்சக்கணக்கானவர்கள் அந்தக் குறையோடுதான் பார்க்க வேண்டுமா? சபாக்களில் நாடகம் போடுகிறவர்கள் முதல் மேடையேற்றத்தில் இழுத்த காட்சியை அடுத்த மேடையில் சுருக்குவதில்லையா?

இன்னொரு கணக்கையும் பாருங்கள். தமிழ்நாட்டில் பெரும்படங்களின் தொடக்க நாட்களுக்கு ஐந்தாவது காட்சிக்குச் சிறப்பு அனுமதி கிடைக்கும்போது, காலை 9 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு 2 மணிக்குள் முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. மொத்தம் 17 மணி நேரம். படம் மூன்று மணி நேரம், இடைவேளையும் விளம்பரங்களும் 15 நிமிடங்கள், அரங்கைக் கூட்டிப் பெருக்க இன்னொரு 15 நிமிடங்கள் என்றால் ஐந்து காட்சிகளுக்குப் பதினேழரை மணி நேரம் வேண்டும், அடங்காது. அதே படம் 2 மணி 40 நிமிடங்கள் என்றால் 16 மணி நேரத்திற்குள் ஐந்தும் முடிந்துவிடும். ஒரு காட்சி போனால் அந்த நாளின் வசூலில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நான்கே வாரங்களில் ஓடிடி தளத்திற்குப் போய்விடும் இந்தக் காலத்தில், அந்தப் பங்கை விட்டுக்கொடுக்கும்படி திரையரங்க உரிமையாளரிடம் எப்படிச் சொல்வது? அசோக் நகரில் நாற்பதாண்டுக் காலம் நின்ற உதயம் திரையரங்கமே 2024இல் மூடப்பட்டுவிட்டது.

தாம்பரம் மீனா:

நான் பார்த்தது குறைக்கப்பட்ட ‘மெய்யழகன்’தான். என் தாயாருடன் பார்த்தேன். தங்கை முறையான புவனாவின் திருமண மேடையில் அரவிந்த் சாமி நகைப் பெட்டியை நீட்ட, அந்தப் பெண் மேடையிலேயே அதைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து அணிந்துகொள்ளும் காட்சியில் என் தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் காட்சியின் நிதானத்தில் யாரும் கைவைத்ததாக எனக்குத் தெரியவில்லை. எதுவோ விடுபட்டிருக்கிறது என்ற உணர்வும் எங்களுக்கு வரவில்லை. இரவு 10 மணிக் காட்சி மூன்று மணி நேரத்திற்கும் மேல் போனால் வெளியே வர ஒன்றரை மணியாகும். மெட்ரோ 11 மணியோடு நின்றுவிடும். வயதானவரை அழைத்துக்கொண்டு அந்நேரத்தில் ஆட்டோ தேடுவது என்னவென்று கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. பதினெட்டு நிமிடங்கள் எங்களைப் போன்றவர்களுக்குச் சிறிய பொழுதல்ல.

மந்தைவெளி வாசகி:

தங்கை மீனா, உங்கள் தாயார் கண்ணீர் விட்ட அந்தக் காட்சிதான் என் வாதத்திற்கே ஆதாரம். ஒரு பெண் நகைகளை ஒவ்வொன்றாக அணிந்துகொள்வதை வேறு எந்தப் படத்தொகுப்பாளரும் மூன்று நொடிகளில் முடித்திருப்பார். அந்தப் படம் பொறுமையாக நின்றது. அதனால்தான் கண்ணீர் வந்தது. அதே பொறுமையோடு எடுக்கப்பட்ட மற்ற பகுதிகள் தேவையற்றவை என்று மூன்று நாளில் எப்படி முடிவாயிற்று?

கோடம்பாக்கத்தான் அவர்களுக்கு ஒன்று. காட்சிகளின் எண்ணிக்கை பற்றிய கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கு வெளியீட்டிற்கு முந்தைய வாரமும் தெரிந்த கணக்குத்தானே? ‘விடுதலை 2’ வெளியாவதற்கு முந்தைய நாள், எட்டு நிமிடங்களைக் குறைத்துவிட்டதாக வெற்றிமாறன் அறிவித்தார். அது கடைசி நேரம்தான், ஆயினும் முதல் பார்வையாளர் உள்ளே நுழைவதற்கு முன் செய்யப்பட்டது. அதை நான் மதிக்கிறேன். நீளம்தான் மக்களை விரட்டுகிறது என்பதையும் என்னால் ஏற்க முடியாது. ‘கோட்’ மூன்று மணி நேரத்தைத் தாண்டிய படம், மக்கள் வந்தார்கள். ‘புஷ்பா 2’ 3 மணி 20 நிமிடங்கள் ஓடியது. 2025 ஜனவரியில் மேலும் 20 நிமிடங்களைச் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். ஒரு படம் சலிப்பூட்டுகிறது என்றால், சலிப்பு திரைக்கதையில் இருக்கிறது. ‘இந்தியன் 2’ படத்தில் 12 நிமிடங்களை எடுத்த பிறகு அது வேறு படமாகிவிட்டதா என்ன?

நாடக உவமை பொருந்தாது. நாடகம் ஒவ்வொரு மேடையிலும் புதிதாக நிகழ்வது. பார்ப்பவருக்கும் அது தெரியும். திரைப்படமோ இத்தனை நிமிடங்கள் என்று சான்றிதழில் எழுதிக் கையொப்பமிட்டுத் திரையில் காட்டப்பட்ட பிறகே தொடங்குகிறது.

ஒலிக்கூடத்தான்:

ஒலிக்கலவைப் பணியில் இருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். முன்பு படச்சுருளைக் கையால் வெட்டி ஒட்டினார்கள். இப்போது திரையரங்கில் உள்ள டிஜிட்டல் சர்வருக்கு முழுப் படத்தையும் மீண்டும் அனுப்ப வேண்டிய அவசியம்கூட இல்லை. எந்த இடத்திலிருந்து எந்த இடத்திற்குத் தாவ வேண்டும் என்று சொல்லும் ஒரு சிறு பட்டியல் கோப்பும், அதைத் திறப்பதற்கான சாவிக் கோப்பும் போதும். வேலை இவ்வளவு எளிதாகிவிட்டதால்தான் முடிவும் இவ்வளவு விரைவாக எடுக்கப்படுகிறது.

ஆனால் இப்படித் தாவும்போது ஒலி என்ன ஆகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. ஒரு காட்சியின் பின்னணி இசை அதற்கு முந்தைய காட்சியின் நடுவிலேயே மெல்லத் தொடங்கியிருக்கும். முந்தைய காட்சியை அப்படியே தூக்கிவிட்டால் இசை பாதியிலிருந்து வந்து விழும். மழை பெய்துகொண்டிருக்கும் முற்றத்திலிருந்து ஏசி அறைக்குள் வரும்போது, அந்த மழையின் வால் ஒன்றிரண்டு நொடிகள் அறைக்குள்ளும் தொடரும்படி கலந்திருப்போம்; அது கத்தரித்தாற்போல் நிற்கும். பார்வையாளருக்குக் காரணம் தெரியாது, ஏதோ உறுத்தியது என்பது மட்டும் தெரியும். ஒழுங்காகச் செய்வதென்றால் அந்தச் சுற்றுப்பகுதி முழுவதையும் மறுபடி கலக்க வேண்டும். அதற்கு நேரம் தரப்படுவது அரிது.

‘கங்குவா’வின் இரைச்சல் பற்றிய புகாரும் இதே அவசரத்தோடு தொடர்புடையது. அதன் ஒலி மிகையாக இருக்கிறது என்று முதல் நாளே மக்கள் சொன்னார்கள். ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியும் வெளிப்படையாக வருந்தி எழுதினார். ஒலியளவை இரண்டு புள்ளிகள் குறைக்குமாறு தயாரிப்பாளர் தரப்பே திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டது. திரையரங்க ஒலிக்கருவியில் 7 என்ற அளவுதான் நாங்கள் கலவைக்கூடத்தில் வைத்துக் கேட்கும் அளவு. படங்கள் இரைச்சலாக வருவதால் அரங்கில் அதை 5க்கோ நாலரைக்கோ இறக்கிவிடுகிறார்கள். இறக்கிவிடுவார்கள் என்று தெரிந்தே அடுத்த படத்தில் இன்னும் உரக்கக் கலக்கச் சொல்கிறார்கள். இதில் அடிபடுவது அமைதியான படங்கள். ‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே கிடையாது, சூரியின் கட்டிப்போன தொண்டையும் வண்டிகளின் உறுமலும் காற்றும்தான் அதன் இசை. சாலையை மறித்து நிற்கும் காளையை ஒரு சிறுமி வந்து ஓட்டிக்கொண்டு போகும் இடத்தில் அரங்கே மூச்சைப் பிடிக்க வேண்டும். நாலரையில் வைத்தால் அங்கே கேட்பது ஏசி இயந்திரத்தின் ஓசைதான்.

வெட்டவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வெட்டுவதானால் படத்தொகுப்பாளரும் ஒலிக்கலவையாளரும் உடனிருந்து, தேவையான நாட்களை எடுத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

கோடம்பாக்கத்தான்:

தேவையான நாட்களை எடுத்துக்கொண்டால் முதல் வார இறுதி போய்விடும், ஐயா. பெரும்படத்தின் தலையெழுத்து அந்த மூன்று நான்கு நாட்களில் எழுதப்பட்டுவிடுகிறது. அதனால்தான் முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனம் வெளியிடத் தடை கோரித் தயாரிப்பாளர்கள் 2024 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம்வரை போனார்கள். நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. அந்த மறுப்பு சரியானதே. ஆனால் அவர்கள் அங்கே போகும் அளவுக்கு அச்சம் இருந்தது என்பதை நாம் கருத வேண்டும்.

அத்துடன் ‘மெய்யழகன்’ விஷயத்தில் வெளியார் யாரும் கத்தரிக்கோலைப் பிடுங்கவில்லை. இயக்குநர் பிரேம் குமாரின் பெயரில்தான் அந்த அறிவிப்பு வந்தது. படைத்தவரே குறைத்ததைக் கூடாது என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மந்தைவெளி வாசகி:

அந்த உயர்நீதிமன்ற வழக்கை நீங்களே எடுத்துவந்ததால் கேட்கிறேன். முதல் மூன்று நாள் கருத்துகளைக் கேட்டுத்தான் படத்தை வெட்டுகிறார்கள். அதே மூன்று நாள் கருத்துகளுக்குத் தடையும் கேட்கிறார்கள். இரண்டும் ஒருசேர நியாயமாக இருக்க முடியுமா? முதல் நாள் பார்வையாளரின் சொல் படத்தையே மாற்றும் அளவுக்கு மதிப்புடையதென்றால், அதைச் சொல்வதற்கான உரிமையும் அதே மதிப்புடையதுதான்.

இயக்குநரின் உரிமையை நான் மறுக்கவில்லை. அந்த அறிவிப்பு எந்த அளவுக்கு அவர் விரும்பி எடுத்த முடிவு, எந்த அளவுக்குச் சூழலின் அழுத்தம் என்று அறிய எனக்கு வழியில்லை, ஊகிக்கவும் விரும்பவில்லை. நான் கேட்பது வேறு. எந்த நேர அளவுள்ள படம் ஓடுகிறது என்பதை முன்பதிவுப் பக்கத்திலும் அரங்க வாசலிலும் தெளிவாக எழுதுங்கள். பல இடங்களில் படம் குறைக்கப்பட்ட பின்னும் பழைய நேரமே பல நாட்கள் நிற்கிறது. சான்றிதழ் பெற்ற படத்தை மாற்றினால் தணிக்கை வாரியத்திற்குத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்று சட்டமே சொல்லும்போது, பணம் கொடுத்த பார்வையாளருக்குத் தெரிவிக்க என்ன தயக்கம்?

அடுத்தது, முழுப் படத்தையும் திரையரங்கில் பார்க்க ஒரு வாய்ப்பு வேண்டும். 2024 ஏப்ரலில் ‘கில்லி’ இருபதாண்டுக்குப் பிறகு மறுவெளியீடு கண்டபோது சென்னை அரங்குகள் நிரம்பி வழிந்தன. ‘மெய்யழகன்’ முழு நீளத்துடன் ஒரே ஒரு வார இறுதியில், ஓர் அரங்கில் திரையிடப்பட்டாலும் நான் போவேன்.

பெரம்பூர் பெரியவர்:

எங்கள் காலத்தில் இரண்டாம் வெளியீட்டு அரங்குகளில் பாட்டையே தூக்கிவிடுவார்கள். கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று அரங்கில் படக்கருவியை இயக்குபவர் செய்யும் வேலை அது. பாட்டுக்காகவே மறுபடி வந்தவர்கள் சண்டை போடுவார்கள், மறுகாட்சியில் பாட்டு திரும்ப வரும். கேட்டால் கிடைக்கும் என்பதால், மந்தைவெளி அம்மா கேட்பதை நானும் கேட்கிறேன்.

தாம்பரம் மீனா:

அப்படி ஒரு திரையிடல் நடந்தால், மாலை 6 மணிக் காட்சியாக வைக்கச் சொல்லுங்கள், அக்கா. அம்மாவை நானும் அழைத்து வருகிறேன். விடுபட்ட பகுதிகளைப் பார்க்க எங்களுக்கும் ஆசைதான். ஆனால் முதல் வாரத்தில் குறைத்தது பிழை என்று அதனால் நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குறைத்திராவிட்டால் அந்த வாரம் அந்த இரவுக் காட்சிக்கு அம்மாவை நான் அழைத்துப் போயிருக்கவே மாட்டேன்.