கிரகணம் பார்த்தவங்க சொல்லுங்க: நிஜமாவே இருட்டுச்சா?

கடலூர், தேவனாம்பட்டினம்:
2019 டிசம்பர் 26. எங்க ஊருக்கு அது என்ன நாள்னு சொல்லத் தேவையில்லை, சுனாமி வந்து 15 வருஷம். கடல்ல பால் ஊத்த ஜனம் கூடியிருந்த காலையில எட்டு மணிக்கு மேல கிரகணம் பிடிக்க ஆரம்பிச்சுது. ஒன்பதரை வாக்குல சூரியன் வெறும் பிறை. வேப்பமர நிழல்ல தரையெல்லாம் குட்டிக் குட்டிப் பிறை; இலை இடுக்கு ஒவ்வொண்ணும் ஊசித்துளை கேமராவா வேலை செய்யுது. அத்தை சோத்துப் பானையில தர்ப்பையைப் போட்டுட்டு வெளியவே வரல. ஆனா இருட்டல, மப்புப் போட்ட மாதிரி ஒரு மங்கல், அவ்வளவுதான். திருச்சி, திண்டுக்கல்ல வளையமே தெரிஞ்சுதே, அங்க இருட்டியிருக்குமோ?

புதுச்சேரி, முத்தியால்பேட்டை:
இருட்டியிருக்காது தம்பி. வளைய கிரகணத்தப்ப நிலா தூரத்துல இருக்கும், சூரியனை மூட அளவு பத்தாது. விளிம்பு கொஞ்சம் மிஞ்சினாலும் பகல் பகல்தான்.

முழுக் கிரகணம் வேற சங்கதி. 1995 அக்டோபர் 24, தீபாவளிக்கு மறுநாள். வீட்ல திட்டு வாங்கிக்கிட்டு, பண்டிகையைக் கோரமண்டல் எக்ஸ்பிரஸ்ல கழிச்சு, கல்கத்தாவுக்குத் தெற்கே டயமண்ட் ஹார்பர் போனேன். ஒன்பது மணிக்கு முன்னாடியே வெயில்ல சூடு போயிடுச்சு, நிழலோட ஓரம் கத்தி வெச்சு வெட்டின மாதிரி. கடைசிப் பொட்டு வெளிச்சம் மோதிரக் கல்லா மின்னி அணைஞ்சுது. கறுப்பு வட்டம், சுத்தி வெள்ளையா கொரோனா (சூரியனோட வெளி வளிமண்டலம்), கீழே வெள்ளி கிரகம். கரையெல்லாம் சங்கு ஊதறாங்க. கிரகணக் கண்ணாடியைக் கழட்டிப் பார்க்கலாம்னா அந்த ஒரு நிமிஷச் சொச்சம் மட்டும்தான். விளிம்புல வெளிச்சம் எட்டிப் பார்த்ததும் மறுபடி மாட்டிடணும்.

2009 ஜூலை 22-க்குப் பீகார் தாரேக்னா போன நண்பருக்கு மழை மேகம். இருட்டு வந்துது, சூரியன் வரல.

கடலூர், மஞ்சக்குப்பம்:
நம்ம பக்கம் எப்போ சார்?

புதுச்சேரி, முத்தியால்பேட்டை:
1871 டிசம்பர் 12-ல நீலகிரி, புதுக்கோட்டையில முழுசா தெரிஞ்சுது. பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் நீலகிரி சோலூர்ல இருந்து பார்த்தார். இனி 2031 மே 21-ல மதுரை, காரைக்குடியில வளையம்தான். முழுசுக்கு 2034 மார்ச் 20, கார்கில் பக்கம் போகணும். பாஸ்போர்ட் இருந்தா 2027 ஆகஸ்ட் 2, எகிப்துல லக்சர்: ஆறு நிமிஷத்துக்கு மேல. வெயில் மண்டையைப் பிளக்கும், ஆனா மேகத் தொல்லை கிடையாது.