சோம்பேறிக் கண் பற்றிப் பேச ஒருவர் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் மதுரையில் ஆப்டோமெட்ரிஸ்ட்களுக்கு ஒரு நாள் கருத்தரங்கு வைத்திருக்கிறோம். கண்புரை, கிளாக்கோமா என்றால் பேச ஆள் வரிசையில் நிற்கிறார்கள். ஆர்த்தாப்டிக்ஸ் (மாறுகண், சோம்பேறிக் கண் போன்றவற்றைப் பார்க்கும் பிரிவு) என்றதும் நைசாக நழுவிவிடுகிறார்கள்!

சோம்பேறிக் கண்ணுக்கு, அதாவது சிறு வயதில் ஒரு கண்ணில் பார்வை சரியாக வளராத குறைக்கு, நல்ல கண்ணை மறைத்து பேட்ச் போடுவது பற்றி 30 நிமிடம் பேச வேண்டும். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, பாதிப்பு மிதமாக இருந்தால், தினம் 6 மணி நேரம் மறைத்தாலும் 2 மணி நேரம் மறைத்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 2003-லேயே அமெரிக்க ஆய்வு சொல்லிவிட்டது. அது எல்லோருக்கும் தெரியும். பிள்ளை பேட்ச்சைப் பிய்த்தெறிந்துவிட்டு அழும்போது அம்மாவிடம் என்ன சொல்வது? அதைச் சொல்லத் தெரிந்தவர்தான் வேண்டும்.

பெரிய பட்டம் தேவையில்லை. மாறுகண்ணை அளக்கும் ப்ரிஸம் பாரும், இரு கண்ணும் சேர்ந்து பார்க்கிறதா என்று சோதிக்கும் சைனாப்டோஃபோரும் தினமும் புழங்குபவர் போதும். தமிழில் பேசினால் ரொம்ப நல்லது. பயணச் செலவு எங்களுடையது. யாராவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.