வியாழக்கிழமை லாரி வருகிறது: கரீபியனுக்குச் சாமான் அனுப்பலாமா?

திருச்சி மலர்:
அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன். என் கணவர் வேலைக்காகக் கரீபியன் சென்று மூன்று வாரமாகிறது. நானும் மகனும் அடுத்த மாதம் கிளம்புகிறோம். சாமான்களைக் கப்பலில் அனுப்ப ஒரு நிறுவனத்திடம் முன்பணம் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை காலை லாரி வருகிறது. அந்தப் பக்கம் இறக்கும் செலவு தங்கள் கணக்கில் இல்லை என்று நேற்றுத்தான் சொல்கிறார்கள். அம்மா சீராகக் கொடுத்த தேக்குக் கட்டில், கிரைண்டர், வாஷிங் மெஷின், பாத்திரங்கள், குத்துவிளக்கு, மகனின் புத்தகங்கள் எல்லாம் கூடத்தில் கிடக்கின்றன. எதை அனுப்புவது, எதை விடுவது? இரண்டு நாளாகத் தூக்கமில்லை. கணவரைக் கேட்டால் உன் விருப்பம் என்கிறார்.

டிரினிடாட் மாமா:
எதையும் அனுப்பாதே அம்மா. நான் பட்டதைச் சொல்கிறேன். தூத்துக்குடியில் ஏற்றிய பெட்டி கொழும்பில் கப்பல் மாறி, ஐரோப்பாவில் ஒருமுறை மாறி, இங்கே வந்து சேர பதினொரு வாரம் ஆனது. வந்த பிறகும் கையில் கிடைக்கவில்லை. கப்பல் ரசீதில் என் பெயர் இனிஷியலோடு இருந்தது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து கடைசியில் இருந்தது. இருவரும் ஒரே ஆள் என்று நிரூபிக்கத் திருத்தக் கடிதம் வரவழைத்தேன். அதற்குள் இலவச நாட்கள் முடிந்து கிடங்கு வாடகை ஏறிவிட்டது. கப்பல் கூலியைவிட அந்த வாடகைதான் என்னை உலுக்கியது. வெறும் தரையில் பாய் விரித்துப் படுத்த நாட்கள் அவை.

கிரைண்டரும் வேண்டாம். இங்கே மின்சாரம் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை உயர்த்தும், ஹெர்ட்ஸை மாற்றாது. என் கிரைண்டர் மோட்டார் ஆறு மாதத்தில் புகைந்துவிட்டது.

செயின்ட் லூசியா நர்ஸ்:
மாமா சொல்வதை நம்பி எல்லாவற்றையும் விற்றுவிடாதீர்கள் மலர். செயின்ட் லூசியாவில் ஊரைப் போலவே 50 ஹெர்ட்ஸ், 230 வோல்ட்டுக்குப் பக்கம். பிளக் மட்டும் இங்கிலாந்துக்காரர்களின் சதுர மூன்று முள். என் கிரைண்டர் நான்கு ஆண்டுகளாக நன்றாக ஓடுகிறது. வெறும் இரண்டு சூட்கேஸோடு வந்த முதல் ஆறு மாதம் நான் அழாத இரவில்லை. ஒரு நல்ல இரும்புத் தோசைக்கல்லுக்காக ஏங்கியிருக்கிறேன். தீவில் எல்லாமே கப்பலில் வருகின்றன, எல்லாமே விலை. முடிந்ததையெல்லாம் கொண்டுவாருங்கள்.

டிரினிடாட் மாமா:
கீரைக்காவது ஏங்க வேண்டியதில்லை. கலாலூ என்று கேட்டால் சேப்பங்கிழங்கு இலை கட்டுக்கட்டாகக் கிடைக்கும். கறிவேப்பிலையைக் கரப்புலே என்று சந்தையில் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம்மவர்கள் விட்டுச்சென்ற சொல்லல்லவா அது!

மாண்டிகோ பே குமார்:
ஜமைக்காவில் கலாலூ என்றால் சேப்ப இலை இல்லை மாமா, நம் தண்டுக்கீரை வகை. ஒரே பெயர், இரண்டு கீரை. எனக்கு இங்கே வருத்தம் கீரையில் இல்லை. ஊருக்குப் போய்வரும் தூரத்தில். அப்பா இறந்தபோது டிரான்சிட் விசா வாங்கி நான் போய்ச் சேர ஐந்து நாள் ஆனது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது இதை ஒருவரும் சொல்வதில்லை.

செயின்ட் லூசியா நர்ஸ்:
எங்களுக்கும் அதே கதைதான். தீபாவளிக்குத் தமிழில் பேச ஓர் ஆள் கிடைத்தால் அதுவே பண்டிகை.

கிங்ஸ்டன் அக்கா:
எல்லோர் வருத்தமும் உண்மைதான். ஆனால் வியாழக்கிழமைக்கு நாலு நாள்கூட இல்லை. மலர், மூன்று கேள்விக்கு விடை சொல்லம்மா. எந்த நாடு? கரீபியன் என்பது கடலின் பெயர். ஒவ்வொரு தீவுக்கும் சுங்கமும் மின்சாரமும் வேறு. ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? வீட்டில் என்னென்ன இருக்கிறது?

திருச்சி மலர்:
மன்னியுங்கள் அக்கா, பதற்றத்தில் எழுதவில்லை. ஜமைக்கா, கிங்ஸ்டன். இரண்டு ஆண்டு. கணவரின் நிறுவனமே வீடு கொடுத்திருக்கிறது. கட்டில், பிரிட்ஜ், அடுப்பு, வாஷிங் மெஷின் எல்லாம் இருக்கின்றனவாம். ஆறு கன மீட்டர் இடம் பேசியிருக்கிறேன். கப்பல் ரசீது என் பெயரில்.

கிங்ஸ்டன் அக்கா:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேச்சு மிச்சம். வாஷிங் மெஷின் வேண்டாம். அந்த வீட்டிலேயே ஒன்று இருக்கும்போது 230 வோல்ட் மெஷினை இங்கே கொண்டுவந்து என்ன செய்வாய்? தேக்குக் கட்டிலை அம்மா வீட்டிலேயே போடு. இரண்டு ஆண்டுக்காக அதைக் கடல் கடத்தித் திரும்பவும் அனுப்புவது அந்தக் கட்டிலுக்கே கொடுமை. இங்கே ஈரக்காற்றும் கரையானும் அதிகம். மரப்பெட்டியில் எதையாவது வைத்தால், வெப்பமூட்டிப் பூச்சி நீக்கியதற்கான முத்திரை பெட்டியில் இருக்கிறதா என்று பார்.

கிரைண்டரைக் கொண்டுவா. ஜமைக்காவில் 110 வோல்ட்தான், ஆனால் 50 ஹெர்ட்ஸ். ஆகவே மாமாவுக்கு நேர்ந்தது உனக்கு நேராது. 150 வாட் கிரைண்டருக்கு 500 வாட் டிரான்ஸ்பார்மர் தாராளம். 750 வாட் மிக்ஸிக்கு 1500 வாட் வேண்டும். பிளக் தட்டையான இரண்டு முள். இன்டக்‌ஷன் அடுப்பை மறந்துவிடு. கயானாவிலிருந்து வரும் புழுங்கலரிசியில் இட்லி நன்றாகவே வருகிறது. உளுந்து இந்தியக் கடையில் கிடைக்கும், விலைதான் கூடுதல். ஊறுகாய், விதை, செடி எதையும் கப்பல் பெட்டியில் வைக்காதே. அவற்றில் ஒன்றுக்காக மொத்தப் பெட்டியையும் பிரித்துவிடுவார்கள்.

இனி முக்கியமானது. ரசீதை உன் கணவர் பெயருக்கு மாற்றச் சொல். அவர்தான் இங்கே இருக்கிறார், வேலை அனுமதியும் அவர் பெயரில். பாஸ்போர்ட்டில் எந்த எழுத்து எந்த வரிசையில் இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். அவர் டிஆர்என் வாங்கிவிட்டாரா? வரி அலுவலகம் தரும் ஒன்பது இலக்க எண். அது இல்லாமல் சுங்கத்தில் ஒன்றும் நகராது.

மாண்டிகோ பே குமார்:
ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து திரும்புவோருக்குச் சுங்கத் தீர்வைச் சலுகை உண்டு என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். மூன்று ஆண்டு தொடர்ந்து வெளியே இருந்துவிட்டுத் திரும்பும் ஜமைக்கா குடிமக்களுக்கானது அது. நம்மிடம் பழைய பாத்திரத்துக்கும் தீர்வை கேட்கக்கூடும். நிறுவனத்தின் சுங்க முகவரிடம் பட்டியலைக் காட்டி, எவ்வளவு வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். பட்டியலில் ‘சமையல் சாமான்’ என்று ஒற்றை வரி போடாமல், எவர்சில்வர் பாத்திரம் 22, பயன்படுத்தியது, என்று எழுதுங்கள்.

டிரினிடாட் மாமா:
இறக்குமிடச் செலவையும் இன்றே கேள் அம்மா. துறைமுகக் கையாளும் கூலி, ஆவணக் கட்டணம், எத்தனை நாள் இலவசம், அதன் பிறகு நாளுக்கு எவ்வளவு. நான் கேட்காமல் விட்டவை இவை நான்கும்.

கிங்ஸ்டன் அக்கா:
மாமா சொல்வது சரி. இன்ஷூரன்ஸும் எடு. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2025 அக்டோபர் 28 அன்று மெலிசா புயல் இங்கே கரையேறியபோது துறைமுகங்களும் விமான நிலையங்களும் மூடிக் கிடந்தன. குத்துவிளக்கை மட்டும் கப்பலை நம்பி விடாதே. துணியில் சுற்றி சூட்கேஸில் வை. மகனின் பள்ளிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை கைப்பையில்.

திருச்சி மலர்:
அக்கா, இன்று மாலை நிறுவனத்தில் பேசினேன். ஆறு கன மீட்டரை ஒன்றாகக் குறைத்துவிட்டேன். 45 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டி பத்து. கிரைண்டர் ஒன்றில், பாத்திரம் ஆறில், புத்தகம் மூன்றில். ரசீது கணவர் பெயருக்கு மாறுகிறது. இறக்குமிடச் செலவை நாளை மின்னஞ்சலில் தருகிறார்களாம். அவர் டிஆர்என் இன்னும் வாங்கவில்லை. நாளைக் காலை முதல் வேலையாகப் போகச் சொல்லிவிட்டேன். கட்டிலைத் தம்பி வந்து எடுத்துப்போகிறான்.

அம்மாவின் சின்ன அம்மிக்கல் ஒன்று இருக்கிறது. நாலு கிலோ. அதை அனுப்பலாமா?

கிங்ஸ்டன் அக்கா:
பாத்திரப் பெட்டியின் அடியில் வை. மண் ஒட்டாமல் நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, பட்டியலில் ‘அரைக்கும் கல், பயன்படுத்தியது, 1’ என்று எழுது.