புதுப்பிப்பு: ஹட்டனில் உள்ள என் ரிப்பேர் கடைக்கு பவர் சப்ளை வாங்கியாச்சு

ரிப்பேருக்கு வரும் போர்டுகளுக்கு வேண்டிய வோல்ட்டைத் திருகிக் கொடுக்கும் பவர் சப்ளை ஒன்று வாங்க, லீனியரா (பெரிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கனமான வகை), சுவிட்சிங்கா (எடை குறைந்த, ஆனால் இரைச்சல் கலக்கக்கூடிய வகை) என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். 30 வோல்ட் 5 ஆம்பியர் வரை தரும் லீனியரையே வாங்கினேன். தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும். ஆனால் ரேடியோ பார்க்கும்போது இரைச்சல் கலப்பதில்லை. தோட்டத்துப் பக்கமிருந்து இன்னும் ரேடியோ ரிப்பேருக்கு வருகிறதே.

உண்மையான லாபம் கரண்ட் லிமிட்தான், அதாவது நாம் வைத்த அளவுக்கு மேல் கரண்ட் போகாமல் தடுக்கும் வசதி. சப்ளையிலிருந்து வரும் இரண்டு வயரையும் முட்டவைத்து லிமிட்டை அரை ஆம்பியருக்குத் திருகிவிட்டு, பிறகு வயரைப் பிரித்து, செத்த போன் போர்டுக்கு 4 வோல்ட் கொடுத்தேன். பவர் பட்டனைத் தொடவே இல்லை, அதற்குள் சி.சி. விளக்கு (கரண்ட் லிமிட்டைத் தொட்டுவிட்டது என்று காட்டுவது) எரிந்தது, வோல்ட் ஒன்றுக்கும் கீழே விழுந்தது. போர்டில் எங்கோ ஷார்ட்! விரலால் தடவினால் கபாசிட்டர் என்ற ஒரு குட்டிப் பாகம் மட்டும் சுட்டது. அதைக் கழற்றியதும் போன் எழும்பிவிட்டது.

மழை நாளில் மின்சார லைனில் வோல்ட் ஏறி இறங்கினால் சப்ளை தாங்குமா என்று கேட்ட அண்ணாவுக்கு: லைனின் 230 வோல்ட் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் சப்ளையிலிருந்து வெளியே வரும் வோல்ட் அசையவில்லை. கரண்டே போனால்தான் ஒன்றும் செய்ய முடியாது.