மறு: ‘உலோகம் குறைந்த விண்மீன்’ - வேறு சொல் பார்க்கலாமா?

> வானியலாரே ‘மெட்டல்’ என்கிறார்கள், நாமும் உலோகம் என்றே வைத்துக்கொள்ளலாமே.

வணக்கம் ஐயா. இதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. ஹைட்ரஜன், ஹீலியம் போக மற்ற எல்லாமே வானியலாருக்கு உலோகம்தான். ஆக்சிஜனும் கார்பனும் அலோகங்கள் என்று பள்ளியில் படித்துவிட்டு வரும் பிள்ளையிடம் அவை உலோகம் என்று நாமே எழுதி நீட்டுவதா? ‘கனத்தனிமம்’ என்றாலும் ஈயமும் யுரேனியமும்தான் நினைவுக்கு வரும், கார்பன் வராது.

என் பரிந்துரை ‘பின்தனிமம்’. பெருவெடிப்புக்குப் பின் முதல் சில நிமிடங்களில் உண்டானவை ஹைட்ரஜன், ஹீலியம், துளி லித்தியம், அவ்வளவுதான். மீதி ஏறக்குறைய எல்லாமே பிற்பாடு விண்மீன்களுக்குள் வெந்தும், அவை வெடித்தபோதும் வந்தவை. அந்த வரலாறு சொல்லிலேயே இருக்கிறது.

ஒரு சிக்கல் உண்டு, அதையும் பேசிவிடுவோம். ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் உள்ள ஸ்கைமேப்பர் தொலைநோக்கி கண்டுபிடித்த ஒரு பழைய விண்மீனைப் பற்றி 2014இல் கட்டுரை வந்தது. அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்த நிறமாலையில் இரும்பு இருப்பதைக் காட்டும் கோடு ஒன்றுகூடத் தென்படவில்லை. அப்படியே இரும்பு இருந்தாலும் சூரியனில் உள்ளதில் ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் இருக்கும் என்று ஆய்வாளர்கள் அப்போது கணக்கிட்டார்கள். ஆனால் கார்பன் நன்றாகவே தெரிந்தது, கொஞ்சம் கால்சியமும் மெக்னீசியமும்கூட. அதற்கு முன் வாழ்ந்த ஒரு பெரிய விண்மீன், சூரியனைப்போல் சுமார் 60 மடங்கு நிறையுள்ளது, வலுக்குறைவாக வெடித்திருக்க வேண்டும் என்பது அவர்கள் விளக்கம்: மேலடுக்கில் இருந்த கார்பன் வெளியே சிதறிவிட்டது, அடியில் இருந்த இரும்பு தப்ப முடியாமல் நடுவில் உண்டான கருந்துளைக்குள்ளேயே திரும்ப விழுந்துவிட்டது.

இதைப் ‘பின்தனிமம் குறைந்த விண்மீன்’ என்று மட்டும் சொன்னால் அந்தக் கார்பனை மறைத்ததாகிவிடும். அதனால் இரும்பை வைத்து அளந்த இடத்தில் நேராக ‘இரும்பு குறைந்த’ என்றே எழுதுவோம், எல்லாம் சேர்ந்த அளவைச் சொல்லும்போது மட்டும் ‘பின்தனிம அளவு’.

‘அருகிய’ என்று முன்பு ஒருவர் சொன்னது வேண்டாம், முதலில் இருந்து அப்புறம் குறைந்ததுபோல் ஒலிக்கிறது. லித்தியத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது? முதல் தனிமங்களோடு வைக்கலாம் என்பது என் எண்ணம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், அகராதியில் ஏற்றும் முன் முடிவு செய்துவிடலாம்.